பழைய பொருள்களை ஆன்லைனில் விற்க: விலை வைப்பது முதல் பார்சல் கட்டுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பரணிலிருந்து ஒரு பழைய பொருளை இறக்கியதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை வருஷப் பழசு?" என்பதுதான். வாங்க வருகிறவருக்கு அது மூன்றாவது நான்காவது கேள்வி. இது சரியாக என்ன பொருள், எல்லாப் பாகமும் இருக்கிறதா, எங்கே அடிபட்டிருக்கிறது, சொல்கிற ஆளை நம்பலாமா என்பதைத்தான் அவர் முதலில் பார்க்கிறார். கடையில் என்றால் கையில் எடுத்துத் தட்டிப் பார்ப்பார், கவிழ்த்துப் பார்ப்பார். ஆன்லைனில் அது முடியாது. நாம் எடுக்கும் படத்தையும் எழுதும் பத்து வரியையும் நம்பித்தான் அவர் பணம் அனுப்புகிறார். ஆகவே பொருளின் குறையை முன்னால் வைத்துச் சொல்கிறவருக்கே, காலப்போக்கில், சந்தையில் நல்ல விலை கிடைக்கிறது. இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அதை வைத்தே எழுதப்பட்டது.

நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் சில பொருள்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: எனாமல் டிபன் கேரியர், பித்தளைப் பாத்திரம், எச்.எம்.டி. கைக்கடிகாரம், இசைத்தட்டு, பிலிம் கேமரா. இவற்றில் கை பழகினால் மற்றவற்றுக்கும் வழி தெரிந்துவிடும்.

படி 1: எதைத் தொடவே கூடாது

விலைக்கு முன்னால் சட்டம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள், நாணயம் போன்றவை தொல்பொருள். இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளுக்கு எல்லை 75 ஆண்டுதான். இவற்றை உரிமம் இல்லாமல் வியாபாரமாக விற்க முடியாது. தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. எனவே "பாட்டனார் காலத்து ஐம்பொன் சிலை", ஓலைச்சுவடிக் கட்டு, பழைய தஞ்சாவூர் ஓவியம் எதுவானாலும் புதிதாகத் தொடங்குபவர் கையை எடுத்துவிட வேண்டும். ரவி வர்மா படங்களும் இதில் சேரும். அவருடைய அச்சகம் பம்பாயில் 1894-இல் தொடங்கியது. அங்கே தொடக்க காலத்தில் அச்சான உண்மையான படம் என்றால் அது நூறு ஆண்டைத் தாண்டியது. நூறு ஆண்டைத் தாண்டாததாக இருந்தால், பெரும்பாலும் பிற்கால மறுஅச்சு.

கோயில் பெயர் பொறித்த மணி, விளக்கு, தாம்பாளம் எதையும் வாங்காதீர்கள். யார் கொடுத்தாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். தமிழ்நாட்டில் சிலைக் கடத்தலுக்கென்றே 1983 முதல் காவல் துறையில் தனிப்பிரிவு இருக்கிறது. மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது என்று சொல்லி வரும் பொருளும் அப்படியே. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது, அதன்படி மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் தர வேண்டும். யானைத் தந்தம், புலிநகம், மான்கொம்பு ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. தந்தக் கைப்பிடி வைத்த கத்தியும், தந்தச் சீப்பும், தந்தம் பதித்த பெட்டியும் அதே கணக்குதான்.

வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும் பொருள் நூறு ஆண்டுக்கு உட்பட்டதுதான் என்பதில் சுங்கத்தில் கேள்வி வரலாம் என்று தோன்றினால், இந்தியத் தொல்லியல் துறையிடம் "தொல்பொருள் அல்ல" என்ற சான்றிதழ் வாங்கும் வழி இருக்கிறது. முதல் வருடம் அந்த வேலையே வேண்டாம் என்பேன். உள்ளூரிலேயே நிறைய வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

படி 2: எங்கே தேடுவது, எப்படி வாங்குவது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பார்த்துப் பழக அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் அந்தக் கடைக்காரர்களுக்கு விலை நம்மைவிட நன்றாகத் தெரியும், மறுவிற்பனைக்கு இடம் அதிகம் இருக்காது. சென்னையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விடியற்காலையில் போனால் குவியலுக்குள் நல்ல பொருள் கிடைக்கும். பழைய இரும்புக் கடைகளில் பித்தளையை எடைக்கு வாங்கி உருக்க அனுப்புவார்கள். உருக்குவதற்கு முன்பு ஒரு பார்வை பார்க்க விடுங்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டால், எடை விலைக்கு மேல் கொஞ்சம் போட்டு எடுக்கலாம். ஒரு நல்ல கூஜா உருகிப் போகாமல் காப்பாற்றப்படுவதில் காசைத் தாண்டிய மனநிறைவும் உண்டு.

வீடுகளில் வாங்கும்போது ஒரு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். வயதான அம்மா ஒருவர் பரணைக் காலி செய்கிறார், கேரியரை நூறு ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்றால், "அம்மா, இது சந்தையில் இவ்வளவு போகும், நான் இவ்வளவு தருகிறேன், மீதியில் என் செலவும் லாபமும் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். அந்தத் தெருவில் அடுத்த பரண் திறக்கும்போது உங்களுக்கே ஆள் அனுப்புவார்கள். அப்படி ஒரு பயன் இல்லாவிட்டாலும் அதுதான் சரி.

படி 3: காலத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது

"அந்தக் காலத்தது" என்று எழுதினால் யாரும் விலை தர மாட்டார்கள். எந்தக் காலம் என்று சொல்ல வேண்டும், எதை வைத்துச் சொல்கிறோம் என்றும் சொல்ல வேண்டும். பொருளின் மேலேயே அதற்குத் துப்பு இருக்கும்.

விலாசம் அச்சடித்த தகரப் பெட்டி, பெயர்ப்பலகை, காலண்டர் அட்டை கிடைத்தால் முதலில் அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல்தான் அறிமுகமானது. ஆறு இலக்கம் இருந்தால் அதற்குப் பிந்தியது. "மெட்ராஸ்-2" என்பது போல ஓர் எண் மட்டும் இருந்தால் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். விலை அணாவில் அச்சாகியிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது, "நயா பைசா" என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. சென்னை மாநிலம் 1969-இல் தமிழ்நாடு ஆனது. நகரத்தின் ஆங்கிலப் பெயர் 1996 வரை மெட்ராஸ்தான். ஆகவே மெட்ராஸ் என்ற பெயரை மட்டும் வைத்து ஐம்பது வருடம் பின்னால் போய்விடக் கூடாது.

தமிழ் அச்சில் இன்னும் நல்ல துப்பு ஒன்று இருக்கிறது. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை பிறப்பித்தது. அதற்கு முன் ணா, றா, னா ஆகியவற்றில் கால் தனியாக நிற்காது, எழுத்தோடு சேர்ந்து சுழிந்திருக்கும். ணை, லை, ளை, னை ஆகியவற்றில் முன்னால் இணைக்கொம்பு வராது, எழுத்தின் தலையிலேயே ஒரு வளைவு ஏறியிருக்கும். பழைய அச்சுக்களை வைத்திருந்த அச்சகங்கள் பிறகும் சில காலம் அவற்றையே ஓட்டின, கையால் எழுதிய பலகைகளிலும் பழக்கம் மாற நாளானது. அதனால் பழைய எழுத்து இருந்தால் "1978-க்கு முந்தியதாக இருக்கலாம்" என்று எழுதுங்கள். புதிய எழுத்து அச்சாகியிருக்கும் பொருளை 1950-களைச் சேர்ந்தது என்று யாராவது சொன்னால், தயங்காமல் சந்தேகப்படுங்கள்.

எனாமல் பாத்திரங்களைக் கவிழ்த்தால் அடியில் முத்திரை இருக்கும். செட்டிநாட்டு வீடுகளுக்கு சுவீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் ஆகிய நாடுகளிலிருந்து எனாமல் பாத்திரங்கள் வந்து குவிந்தன. செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு 1918 முதல் 1992 வரைதான் இருந்தது. ஜப்பான் முத்திரையில் "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது" என்ற பொருளில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால், போருக்குப் பின் நேச நாட்டுப் படைகள் ஜப்பானை ஆக்கிரமித்திருந்த காலம், அதாவது 1952-க்கு முன் செய்தது. சேகரிப்பவர்கள் இந்த முத்திரைக்காகவே தேடுகிறார்கள், ஆகவே முத்திரையைத் தனிப்படமாக எடுப்பது கட்டாயம்.

செட்டிநாட்டுப் பித்தளையில் குடும்ப விலாசம் வெட்டியிருக்கும்: இரண்டு மூன்று எழுத்துகள், சிலவற்றில் சீர் கொடுத்த ஆண்டும். ஆண்டு இருந்தால் அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. முழுப்பெயர் வெட்டியிருந்தால் அதை விளம்பரத் தலைப்பில் போட வேண்டாம், அந்தக் குடும்பம் இன்றும் அதே ஊரில் இருக்கலாம். வெட்டிய எழுத்தைத் தேய்த்து அழிக்கவும் கூடாது, அந்த எழுத்து போனால் பாத்திரத்தின் வரலாறும் அதோடு போய்விடும். தாம்பரத்தில் வாங்கிய எல்லா அண்டாவையும் "செட்டிநாடு" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்தோ, வாங்கிய இடமோ அதைக் காட்டாதபோது அந்தப் பெயரைப் போடாதீர்கள். ஒருமுறை பொய் தெரிந்தால் உங்கள் மற்ற பொருள்கள் எல்லாமே சந்தேகத்துக்கு ஆளாகும்.

எச்.எம்.டி.யில் எச்சரிக்கை அதிகம் வேண்டும். நிறுவனம் ஜப்பானின் சிட்டிசனுடன் சேர்ந்து பெங்களூரில் 1961-இல் கடிகார உற்பத்தியைத் தொடங்கியது, 2016-இல் கடிகாரப் பிரிவு மூடப்பட்டது. ஜனதா, பைலட், கோஹினூர் எல்லாம் சாவி கொடுக்கும் வகை. இன்று இணையத்தில் பளபளவென்று சிவப்பு, பச்சை, ஆரஞ்சு நிற முகப்போடு விற்கப்படும் பல கடிகாரங்கள் மறுபூச்சு செய்த முகப்பும் வேறு வேறு கடிகாரங்களின் பாகமும் சேர்த்துக் கோத்தவை. பூதக்கண்ணாடியில் எழுத்து மங்கலாக, சற்றுச் சாய்ந்து, நிமிடக் கோடுகள் ஒழுங்கில்லாமல் இருந்தால் அது மறுபூச்சு. அதையும் விற்கலாம், வாங்கவும் ஆளுண்டு, ஆனால் "முகப்பு மறுபூச்சு" என்று எழுதி விற்க வேண்டும்.

படி 4: நிலையைச் சோதிப்பதும் துடைப்பதும்

பித்தளையைக் கண்டதும் புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். பச்சைக் களிம்பு வேறு, ஆண்டுகளில் ஏறிய பழுப்பு நிறம் வேறு. களிம்பை எடுக்க வேண்டும், பழுப்பை விட்டுவிட வேண்டும். பழைய பொருள் தேடுபவருக்கு அந்தப் பழுப்புதான் வேண்டும். மின்னுவதைத் தேடுபவர் புதுப் பாத்திரக்கடைக்குப் போவார். தேய்க்கலாமா என்று குழப்பமாக இருந்தால் அப்படியே படம் எடுத்து, "வேண்டுமென்றால் துலக்கி அனுப்புகிறேன்" என்று ஒரு வரி சேருங்கள். துலக்கியதைத் திரும்பப் பழுப்பாக்க முடியாது. உள்ளே ஈயம் பூசியது தேய்ந்திருந்தால், சமையலுக்குமுன் மறுபடி ஈயம் பூச வேண்டும் என்று சொல்லியாக வேண்டும்.

எனாமலில் விரல் நகத்தால் விளிம்பைச் சுற்றி வாருங்கள். தெறித்த இடம் தட்டுப்படும். கேரியர் என்றால் அடுக்குகள் எல்லாம் ஒரே செட்டா, மூடி பொருந்துகிறதா, கைப்பிடிக் கம்பி அசலா என்று பாருங்கள். வேறு கேரியரின் அடுக்கைச் சேர்த்து முழுமையாக்கியவை சந்தையில் நிறைய இருக்கின்றன. உள்பக்கம் தெறித்து இரும்பு தெரிந்தால் அலங்காரத்துக்கு மட்டும் என்று எழுதுங்கள்.

இசைத்தட்டைப் பளிச்சென்ற விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்தால் கீறல் தெரியும். முடிந்தால் ஓட்டிக் கேட்டுப் பாருங்கள். பார்வைக்கு மோசமான தட்டு நன்றாகப் பாடும், பளபளப்பான தட்டு இரையும். சேகரிப்பாளர்களிடம் மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்ற தரவரிசை வழக்கத்தில் இருக்கிறது. இந்த வரிசையில் "குட்" என்றால் தேய்ந்து போன தட்டு. தட்டுக்கு ஒரு தரம், அட்டைக்கு ஒரு தரம் என்று பிரித்துக் கொடுங்கள். கேமராவில் லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள், நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் பூஞ்சை சிலந்தி வலைபோல் படர்ந்திருக்கும். ஷட்டர் எல்லா வேகத்திலும் அடிக்கிறதா என்று சோதியுங்கள். பிலிம் போட்டு எடுத்துப் பார்க்காத கேமராவை "நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதக் கூடாது. "ஷட்டர் அடிக்கிறது, பிலிம் போட்டுப் பார்க்கவில்லை" என்பதே உண்மை.

படி 5: விலை வைப்பது

பிறர் கேட்கும் விலையைப் பார்த்து விலை வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஓஎல்எக்ஸில் ஒருவர் பழைய வால்வு ரேடியோவுக்குப் பத்தாயிரம் கேட்கிறார் என்றால், அந்த விலைக்கு அது இன்னும் விற்கவில்லை என்பதுதான் அதில் நமக்குத் தெரியும் ஒரே செய்தி. நமக்கு வேண்டியது விற்று முடிந்த விலை. ஈபேயில் தேடும்போது "விற்றவை மட்டும்" என்ற வடிகட்டியைப் போட்டால் அது கிடைக்கும். அந்த நிறுவனம் இந்திய உள்நாட்டுத் தளத்தை 2018-இல் மூடிவிட்டாலும் வெளிநாட்டு விற்பனையைப் பார்க்கத் தடையில்லை. இசைத்தட்டுக்கு டிஸ்காக்ஸ் தளம்: ஒரே தட்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் இதுவரை விற்ற குறைந்த விலை, நடு விலை, அதிக விலை இருக்கும். தட்டின் நடு லேபிளில் உள்ள பட்டியல் எண்ணை வைத்து உங்களுடைய பதிப்பையே தேடுங்கள், படத்தின் பெயரை வைத்து மட்டும் தேடினால் வேறு பதிப்பின் விலையைப் பார்த்து ஏமாறுவீர்கள். வெளிநாட்டில் டாலரில் போன விலையை ரூபாயாக்கி உள்ளூரில் கேட்கவும் கூடாது, அதில் அனுப்பும் செலவும் அங்குள்ள அருமையும் சேர்ந்திருக்கும்.

இன்ஸ்டாகிராம் விற்பனையில் விலை பெரும்பாலும் தனிச்செய்தியில் போய்விடும். ஆகவே உங்கள் துறையில் விற்பவர்களைப் பின்தொடர்ந்து, வெளிப்படையாக விலை போட்டு "விற்றாயிற்று" என்று முடிந்தவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சில மாதத்தில் அந்த நோட்டு எந்தத் தளத்தையும்விட உதவும்.

இனி ஒரு கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. மூன்றடுக்கு எனாமல் கேரியர், உங்களுடையதைப் போன்றவை 2,600, 2,800, 3,100 ரூபாய்க்குப் போயிருக்கின்றன. ஒன்று மட்டும் 6,000-க்கு. அது தனி, அதில் அசல் பெட்டி இருந்தது, ஒதுக்கிவிடுங்கள். நடு விலை 2,800. உங்களுடையதில் இரண்டாம் அடுக்கின் விளிம்பில் ஒரு தெறிப்பு. எதிர்பார்க்கும் விலையை 2,500 என்று வைப்போம். தளத்தின் கழிவு பத்து சதவீதம் என்றால் 250 போகும். சந்தைக்குப் போய்வந்த செலவில் இதன் பங்கு 150, பேக்கிங் 120, கூரியர் 350. மொத்தம் 620. மிச்சம் 1,630. இந்த அலைச்சலுக்கு 600 ரூபாயாவது கிடைக்க வேண்டும் என்றால், கேரியரை ஆயிரத்துச் சொச்சத்துக்கு மேல் வாங்கியிருக்கக் கூடாது. இந்தக் கணக்கைச் சந்தையில் நிற்கும்போதே, பேரம் பேசும் முன்பே போட்டுவிட வேண்டும். மறுவிற்பனையில் லாபம் வாங்கும் இடத்தில்தான் தீர்மானமாகிறது.

ஆயிரத்துக்கு வாங்கிவிட்டீர்கள். அறிவிக்கும் விலை 2,750 என்று போடுங்கள், அதில் போனால் கையில் நிற்பது 855. கீழ்எல்லை 2,200 என்று நோட்டில் எழுதுங்கள், அதில் போனால் 360. அதற்குக் கீழே யார் எப்படிக் கேட்டாலும் இல்லை. எல்லையை முன்கூட்டியே எழுதி வைக்காதவர்கள் இரவு பதினொரு மணிக்கு வரும் ஒரு செய்திக்கு இளகி நஷ்டத்துக்கு விற்றுவிடுகிறார்கள்.

குறைக்கு எவ்வளவு கழிப்பது என்பதற்குப் பொது விதி கிடையாது. பயன்படுத்தவிடாத குறைக்கு அதிகம் கழியுங்கள், பார்வையில் மட்டும் தெரியும் குறைக்குக் கொஞ்சம். பித்தளைக்கு இன்னொரு கீழ்எல்லை உண்டு: அன்றைய எடை விலை. எந்தப் பித்தளைப் பாத்திரமும் அதற்குக் கீழே போகாது. எடை விலைக்கு மேல் எவ்வளவு என்பதை வேலைப்பாடு, வடிவம், வெட்டிய எழுத்து ஆகியவை முடிவு செய்கின்றன.

படி 6: படம்

ஃபோன் கேமரா போதும். காலை வெயில் நேரடியாக விழாத ஜன்னலோரம் அல்லது தாழ்வாரம், கீழே சுருக்கமில்லாத வெள்ளை வேட்டி அல்லது வெறும் சிமெண்ட் தரை. ஃபிளாஷ் வேண்டாம், ஃபில்டர் வேண்டவே வேண்டாம். நிறம் மாறினால் பொருள் திரும்பி வரும். பித்தளையில் உங்கள் உருவமே தெரியும், எதிரில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டால் தெளியும்.

முதல் படத்தில் பொருள் மட்டும், முழுதாக. பூவும் வெற்றிலையும் வைத்து அலங்கரித்த படம் வேண்டுமானால் கடைசியில் வரட்டும். பிறகு பின்பக்கம், அடிப்பக்கம், முத்திரை, உள்பக்கம், ஸ்கேல் வைத்து ஒன்று. ஒவ்வொரு குறைக்கும் தனிப்படம், விரலால் சுட்டிக்காட்டி. கடிகாரம் என்றால் பின்மூடியைத் திறந்து உள்ளே இயந்திரத்தைக் காட்டும் படமும், ஓடுவதைக் காட்டும் சிறு வீடியோவும் இல்லாமல் விவரம் தெரிந்தவர்கள் வாங்க மாட்டார்கள்.

படி 7: தலைப்பும் விவரமும்

"அபூர்வமான அந்தக்காலப் பொக்கிஷம்! தவறவிடாதீர்கள்!" என்ற தலைப்பை யாரும் தேட மாட்டார்கள். தேடும் சொற்கள் பொருளின் பெயர், தயாரிப்பு, உலோகம், அளவு, நாடு ஆகியவை. ஊருக்கு ஊர் பெயர் மாறும், ஒரு பகுதியில் தூக்கு என்பதை இன்னொரு பகுதியில் தூக்குவாளி என்பார்கள். இரண்டையும் போடுங்கள், ஆங்கிலப் பெயரையும் சேருங்கள். நூறு ஆண்டு ஆகாத எதையும் "ஆன்டிக்" என்று எழுதாதீர்கள். பொய் என்பது ஒருபுறம், சட்டச் சிக்கலை நீங்களே அழைக்கிறீர்கள். எட்ஸி தளத்தில் "விண்டேஜ்" என்று போட இருபது ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்பது விதி, அதை எல்லா இடத்துக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

விவரம் இப்படி இருந்தால் போதும்:

"எனாமல் டிபன் கேரியர், மூன்று அடுக்கு, வெள்ளை நிறம், நீல விளிம்பு. அடியில் ஜப்பான் முத்திரை (படம் 4). உயரம் 31 செ.மீ., அகலம் 16 செ.மீ., எடை 1.9 கிலோ. அடுக்குகள், மூடி, கைப்பிடி எல்லாம் ஒரே செட். குறைகள்: இரண்டாம் அடுக்கின் விளிம்பில் 1 செ.மீ. தெறிப்பு (படம் 6), மூடியில் மெல்லிய கீறல்கள் (படம் 7). உள்பக்கம் தெறிப்பு இல்லை, ஒழுகவில்லை. காரைக்குடிப் பகுதியில் ஒரு வீட்டிலிருந்து வாங்கியது. தயாரித்த ஆண்டு உறுதியாகத் தெரியாது."

கடைசி வரியை எழுதப் பலரும் தயங்குகிறார்கள். ஆனால் அந்த வரியைப் படிக்கிறவர் அதற்கு மேலே எழுதியிருப்பதையெல்லாம் நம்புகிறார்.

படி 8: எங்கே போடுவது

கனமான, உடையக்கூடிய பொருளுக்கு உள்ளூரில் நேரில் வந்து எடுக்கும் வகையில் ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ். அண்டா, ஊஞ்சல் பலகை, தையல் மெஷின் எல்லாம் அங்கேதான். அழகுக்காக வாங்கப்படும் சிறு பொருள்களுக்கு இன்ஸ்டாகிராம், அங்கே வாடிக்கையாளர் உங்களைப் பின்தொடர்ந்து திரும்ப வருவார். இசைத்தட்டுக்கு டிஸ்காக்ஸ், சேகரிப்பாளர் குழுக்கள். வெளிநாட்டுக்கு ஈபே, எட்ஸி. எட்ஸியில் ஒரு பொருளைப் பட்டியலிட 0.20 டாலர், விற்றால் 6.5 சதவீதம், பணம் கைமாற்றும் கட்டணம் தனி. ஏற்றுமதி என்றாலே ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீடு எடுக்க வேண்டும்.

ஒரே பொருளை மூன்று இடத்தில் போட்டால், விற்ற உடனே மற்ற இரண்டிலும் எடுத்துவிடுங்கள்.

படி 9: பேரமும் பணமும்

"லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க சார்" என்று முதல் செய்தியே வரும். கோபப்பட வேண்டாம், கடைசி விலையைச் சொல்லவும் வேண்டாம். "படம் ஆறில் குறை இருக்கிறது, பார்த்தீர்களா? எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும்?" என்று கேளுங்கள். வாங்க வந்தவர் பதில் சொல்வார், பொழுதுபோக்க வந்தவர் போய்விடுவார். நல்ல பேரம் வந்தால் விலையைக் குறைப்பதைவிடக் கூரியர் செலவை நீங்கள் ஏற்பது கௌரவமாக இருக்கும்.

ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, பொருளைப் பார்க்காமலே கேட்ட விலைக்குச் சம்மதித்து, "பணம் வர இந்தக் கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்யுங்கள்" என்பவர் மோசடிக்காரர். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதை அழுத்தினால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும். பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் பார்சல் வெளியே போக வேண்டும்.

படி 10: பார்சல்

கூரியர் கட்டணம் எடைக்கு மட்டுமல்ல, பெட்டி அடைக்கும் இடத்துக்கும். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவதும் ஓர் எடை, இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். மேலே சொன்ன கேரியரை 25×25×40 பெட்டியில் வைத்தால் அது ஐந்து கிலோ கணக்கு, உள்ளே இருப்பது இரண்டு கிலோகூட இல்லை. பட்டியலிடும் முன்பே பெட்டியைத் தேர்ந்து அளந்துவிடுவது இதனால்தான்.

கேரியரின் அடுக்குகளை ஒன்றையொன்று தொடவிடாமல் துணியோ காகிதமோ சுற்றி வையுங்கள். பெட்டியைக் குலுக்கினால் சத்தமே வரக்கூடாது. எல்.பி. தட்டை அட்டைக்குள் வைத்து அனுப்பினால் வழியில் தட்டின் விளிம்பு அட்டையின் ஓரத்தைக் கிழித்துவிடும். உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் வைத்து, இருபுறமும் கெட்டி அட்டை கொடுத்துக் கட்டுங்கள். 78 சுற்றுத் தட்டு அரக்குக் கலவை, கண்ணாடி போல உடையும், அதற்கு இன்னும் ஒரு பெட்டி வேண்டும். கோடையில் கூரியர் வண்டிக்குள் தட்டு வளைந்துவிடக் கூடும், ஏப்ரல் மே மாதங்களில் வார இறுதியில் அனுப்பாதீர்கள், கிடங்கில் வெறுமனே கிடக்கும். கட்டும்போது ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். உடைந்து வந்தது என்று புகார் வந்தால் இருவருக்கும் நியாயம் தெரியும்.

படி 11: கணக்கு நோட்டு

வாங்கிய தேதி, இடம், விலை, செலவு, விற்ற தேதி, விலை. இவ்வளவு எழுதினால் வருமான வரிக்கும் போதும். ஜி.எஸ்.டி.யில் பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் பதிவு எல்லை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்றுமுதல். ஆனால் வெளிமாநிலத்துக்கு விற்பவருக்கு இந்த எல்லை பொருந்தாமல் பதிவு தேவைப்படும். பதிவு செய்த பிறகு, பழைய பொருள்களுக்கு வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் முறை இருக்கிறது. வாங்கிய விலைக்குச் சான்று இருந்தால்தான் அது பயன்படும். விற்பனை சூடு பிடிக்கும்போது ஒரு கணக்காளரிடம் ஒருமுறை உட்கார்ந்துவிடுங்கள்.

விற்காமல் கிடந்தால்

ஒரு மாதம் யாரும் விசாரிக்கவில்லை என்றால் விலையைத் தொடாதீர்கள். முதல் படத்தையும் தலைப்பையும் மாற்றுங்கள், தேடலில் பொருள் கண்ணில் படவே இல்லை. பலர் விசாரித்து, விலை கேட்டதும் போய்விட்டார்கள் என்றால் விலைதான் காரணம், பத்து சதவீதம் இறக்குங்கள். படத்தைப் பார்த்துவிட்டு அதே கேள்வியைப் பலர் கேட்டால், அந்தப் பதில் விவரத்தில் இல்லை, சேருங்கள். மூன்றையும் செய்து, இன்னும் இரண்டு மாதம் போனால் கீழ்எல்லை விலைக்கு விட்டுவிட்டு அந்தப் பணத்தில் அடுத்த பொருளை வாங்குங்கள்.